355 பவுண்டு டிக்கெட்டும் 11 பவுண்டு டிக்கெட்டும்: ஓர் உண்டியலின் பதின்மூன்று மாதக் கணக்கு

பின்னணி

2024 ஆகஸ்ட் 27 அன்று, மான்செஸ்டரின் ராக் பேண்டான ஒயாசிஸ் மறுபடி மேடையேறப் போவதாக அறிவிப்பு வந்தது. 2009 ஆகஸ்டில் பாரிஸில், ஒரு நிகழ்ச்சிக்குச் சற்று முன்பாக, அண்ணன் தம்பி சண்டையில் உடைந்த பேண்ட் அது. பதினைந்து ஆண்டுகளாக இருவரும் பேட்டிகளில் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவு வாரத்தில் சமாதானம் பிறந்தது. புது ஆல்பம் கிடையாது, அன்று அறிவித்தது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2025 கோடையில் பெரிய நிகழ்ச்சிகள் மட்டுமே. டிக்கெட் விற்பனை அந்தச் சனிக்கிழமை, ஆகஸ்ட் 31 காலை. பின்னர் வந்த அரசு விசாரணையின்படி விற்றவை ஒன்பது லட்சத்துக்கும் மேல்.

இந்த ஆய்வு அந்த பேண்டைப் பற்றியதல்ல. அந்தச் சனிக்கிழமை வரிசையில் நின்ற ஏழு நண்பர்களையும், அவர்கள் வைத்திருந்த ஒரு பொது உண்டியலையும் பற்றியது. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிறு நகரம். 2024 ஜனவரியில் தொடங்கி, ஆளுக்கு மாதம் 20 பவுண்டு ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வந்தார்கள். கச்சேரிக்கு மட்டும்தான் அந்தப் பணம் என்பது பேச்சு. ஆகஸ்ட் முடிவில் 1,120 பவுண்டு சேர்ந்திருந்தது. அன்றைய மதிப்பில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 110 ரூபாய்.

சூழல் பற்றி இரண்டு தகவல் போதும். பிரிட்டனின் சிறு இசை அரங்குகளுக்கான மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்குப்படி, 2023இல் 125 சிறு அரங்குகள் நேரடி இசையை நிறுத்தின அல்லது மூடப்பட்டன. 2024இல் மீதமிருந்தவற்றின் சராசரி லாபம் 0.48 விழுக்காடு, நூற்றுக்கு 43.8 அரங்குகள் நட்டத்தில் ஓடின. ஒயாசிஸே அப்படிப்பட்ட அரங்குகளின் பிள்ளைதான். 1991 ஆகஸ்டில் முதலில் வாசித்தது மான்செஸ்டரின் போர்டுவாக் என்ற சிறு கிளப்பில். அது 1999இல் மூடப்பட்டது. 1993 மே மாதம் ஒலிப்பதிவு நிறுவனத்தார் அவர்களைக் கண்டெடுத்தது கிளாஸ்கோவில், 300 பேர் கொள்ளும் கிங் டட்ஸ் அரங்கில்.

சனிக்கிழமை காலை

குழுவின் இலக்கு ஹீட்டன் பூங்கா, மான்செஸ்டர். ஒரு வீட்டுக்கு நான்கு டிக்கெட்தான் என்பதால் இருவர் தனித்தனிக் கணக்கில் ஒன்பது மணிக்கு இணைய வரிசையில் நின்றார்கள். நிற்கும் இடத்துக்கு 148.50 பவுண்டு என்றுதான் எல்லோர் மனத்திலும் இருந்தது. ஏழு பேருக்கு 1,039.50. உண்டியலுக்குள் அடங்கும்.

பதினொன்றரை வாக்கில் ஒருவர் பக்கத்தைப் புதுப்பித்தார். தானியங்கி மென்பொருள் என்று சந்தேகித்து அமைப்பு அவரை வெளியே தள்ளியது. திரும்பி வந்தபோது வரிசையின் கடைசி. இன்னொருவர் இரண்டு மணிக்குப் பிறகு முன்னுக்கு வந்தார். திரையில் 355.20 பவுண்டு. நிற்க இடம், அதே புல்தரை, அதே தூரம். கூடையில் போட்டபின் முடிவெடுக்கச் சில நிமிடங்களே கொடுக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு டிக்கெட்டுக்கு 1,420.80. உண்டியலில் 300.80 குறைவு. அதையும் போட்டாலும் ஏழு பேரில் யார் அந்த நான்கு பேர் என்ற கேள்வி வேறு. கைப்பேசிக் குழுவில் மூன்று பேர் “எடு” என்றார்கள், இரண்டு பேர் “வேண்டாம்” என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை; ஒருவர் அப்போது கடையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. வரிசையில் இருந்தவர் இரண்டு டிக்கெட் மட்டும் எடுத்தார், தனக்கும் இன்னொருவருக்கும், சொந்தக் காசில். 710.40 பவுண்டு.

இந்த இடத்தில் நடந்த பிழை விலையைப் பற்றியதல்ல. எந்த விலைக்கு மேல் போகக்கூடாது என்று வரிசையில் நிற்கும் முன்பே எழுதி வைக்கவில்லை. ஐந்து மணி நேரம் நின்றவருக்கு 355 பவுண்டு பெரிதாகத் தெரியாது. நின்ற நேரமும் சேர்ந்து விலை பேசும்.

விற்பனையைப் பற்றி ஒரு தெளிவு. அன்று எல்லோரும் சொன்னது, நிமிடத்துக்கு நிமிடம் கணினி விலையை ஏற்றுகிறது என்று. பிரிட்டன் அரசின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் அடுத்த வாரமே விசாரணை தொடங்கியது. அப்படி எந்தக் கணினிச் சூத்திரமும் விலையை ஏற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நடந்தது அதைவிட எளிது: நிற்கும் டிக்கெட்டில் இரண்டே விலை. மலிவான பங்கு தீர்ந்ததும் அடுத்த பங்கு இரண்டு மடங்குக்கும் மேல். வரிசையில் நிற்கிறவருக்கு அது சொல்லப்படவில்லை. உட்காரும் இடத்தில், சில டிக்கெட்டுகள் ‘பிளாட்டினம்’ என்ற பெயரில் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்குப் போயின. கூடுதல் வசதி எதுவும் இல்லாமலே. 2025 செப்டம்பரில் விற்பனை நிறுவனம், இப்படி இரண்டு விலை வைத்தால் 24 மணி நேரம் முன்பே சொல்வதாக ஆணையத்திடம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

மீதமிருந்த 800

டிக்கெட் எடுத்த இருவரும் தங்கள் பங்கான 160 வீதம் 320 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேர், 800 பவுண்டு மிச்சம்.

ஐவரின் முதல் எண்ணம் கோபத்தில் பிறந்தது: பெரிய பேண்டுக்குப் போகாத பணம் முழுவதும் நிறுவன ஆதரவில்லாத உள்ளூர் இசைக்கலைஞர்களுக்கு. கோபம் இரண்டு வாரத்தில் தணிந்தது, எண்ணம் நின்றது. புதிதாகப் பணம் போடுவதில்லை, இந்த 800 தீரும்வரை பார்ப்போம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே விதி: செலவிடும் ஒவ்வொரு தொகையிலும் வாசித்தவர் கைக்கு எவ்வளவு போனது என்று கேட்டு எழுதுவது. அந்த நோட்டுதான் இந்த ஆய்வின் அடிப்படை.

போய்ச் சேராத பணம்: செப்டம்பர், அக்டோபர்

முதல் இரண்டு மாதத்தில் 214 பவுண்டு செலவானது, பெரும்பகுதி தப்பான வழியில்.

1,500 பேர் கொள்ளும் ஓர் அரங்கில், ஓரளவு பெயர் வாங்கிய ஒரு சுயாதீன பேண்டின் கச்சேரிக்கு ஐந்து டிக்கெட், தலா 26, ஆக 130. அங்கே மேசையில் இரண்டு டி-ஷர்ட், தலா 25. விற்றுக்கொண்டிருந்தவர் பேண்டின் பேஸ் கிதார்காரர். கேட்டதும் கணக்கைத் திறந்து சொல்லிவிட்டார். அரங்கம் விற்பனையில் 25 விழுக்காடு எடுக்கிறது, அதன் மேல் 20 விழுக்காடு வாட் வரி: 6.25 கூட்டல் 1.25, ஆக 7.50 பவுண்டு. துணி, அச்சுக்கு 7. பேண்டுக்கு மிஞ்சுவது 10.50, அதிலும் கார்டு இயந்திரக் கட்டணம் நாற்பது பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) கழியும். இதே டி-ஷர்ட்டைப் பங்கு கேட்காத அரங்கில் வாங்கியிருந்தால் 18. அப்படிப் பங்கு கேட்காத அரங்குகளின் பட்டியலை பிரிட்டனின் கலைஞர் கூட்டமைப்பு ஒன்று 2022 முதல் வைத்திருக்கிறது; குழுவுக்கு அது தெரிந்தது டிசம்பரில்.

மூன்றாவது செலவு, 34 பவுண்டுக்கு ஒரு பழைய வினைல் இசைத்தட்டு, பழம்பொருள் விற்பனைத் தளத்தில். கலைஞருக்குப் போனது பூஜ்யம். பழைய தட்டை விற்றவருக்கு மட்டும்தான் பணம். இதைச் சொன்னால் எல்லோரும் “தெரிந்ததுதானே” என்பார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் வாங்கும்போது தோன்றவில்லை.

பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்ற யோசனையும் வந்தது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை கேட்கப்படாவிட்டால் அதற்கு உரிமத்தொகையே இல்லை. அந்த வாசலைத் தாண்டினாலும் ஒரு தடவைக்கு 0.3 பென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் எட்டு பவுண்டு கொடுத்து ஆல்பத்தைப் பதிவிறக்கினால், தளத்தின் 15 விழுக்காடும் பணப் பரிமாற்றச் செலவும் போகக் கலைஞருக்கு 6.30 அளவில் சேரும். அதே தொகை ஸ்பாட்டிஃபை வழியாகப் போக 2,100 தடவை கேட்க வேண்டும். தட்டு, டி-ஷர்ட் போன்ற பொருள்களுக்கு பேண்ட்கேம்ப்பின் பங்கு 10 விழுக்காடு. தளம் அறிவிக்கும் சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமைகளில் அதையும் எடுப்பதில்லை. பின்னர் ஐவரும் அங்கே ஐந்து ஆல்பமும் மூன்று வினைலும் வாங்கினார்கள், 106 பவுண்டுக்கு.

முதல் கச்சேரி, நவம்பர் 2024

அக்டோபர் முடிவில் எடுத்த முடிவு: வாங்குவதை நிறுத்திவிட்டுக் கச்சேரி வைப்பது. காரணம் கணக்குதான். 300 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் 300 பவுண்டுக்கான பங்குதான் போகும். 300 பவுண்டை நட்டம் தாங்கும் பணமாக வைத்து ஒரு கச்சேரி நடத்தினால், ஊராரின் காசும் சேர்ந்து இசைக்கலைஞருக்குப் போகும்.

நகரின் ஒரு மதுக்கூடத்தின் மாடி, 120 பேர் கொள்ளும். செலவுத் திட்டம் இப்படி:

அறை வாடகை 100 (இசை உரிமத்தொகையை அரங்கமே கட்டும்)
சவுண்ட் இன்ஜினியர் 100
முதன்மை பேண்டுக்கு 200
முன்னால் வாசிக்கும் இரு பேண்டுகளுக்குத் தலா 75
சுவரொட்டி 25
எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு 40

மொத்தம் 615. டிக்கெட் 10 பவுண்டு. கட்டுப்படியாக 62 பேர் வரவேண்டும். வந்தது 47. வசூல் 470, நட்டம் 145.

கூட்டம் குறைந்ததற்குக் காரணங்களைத் தேடுவது கடினமாக இல்லை. டிக்கெட் விற்பனை திறந்தது கச்சேரிக்கு 24 நாள் முன்பு. முதன்மை பேண்ட் இரண்டு வாரம் முன்புதான் மான்செஸ்டரில் வாசித்திருந்தது. ரயிலேறும் ரசிகர்கள் அங்கேயே பார்த்துவிட்டார்கள். “எங்கள் கச்சேரிக்கு முன்னும் பின்னும் நான்கு வாரம், இருபது மைலுக்குள் வேறு மேடை வேண்டாம்” என்று கேட்டிருந்தால் அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள். கேட்கவில்லை.

ஆனால் அந்த இரவின் பெரிய சேதம் பணத்தில் இல்லை, நேரத்தில். மூன்று பேண்ட், மூன்று டிரம் செட். முதன்மை பேண்டின் வேன் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி ஐந்து மணிக்குப் பதில் ஆறு நாற்பதுக்கு வந்தது. கச்சேரிக்கு முன் ஒலியைச் சோதிக்கும் சவுண்ட் செக் வழக்கமாகத் தலைகீழ் வரிசையில் நடக்கும்: கடைசியில் வாசிப்பவர் முதலில் சோதிப்பார், முதலில் வாசிப்பவர் கடைசியில், அப்போதுதான் அவருடைய கருவிகள் மேடையிலேயே நிற்கும். கடைசியில் வாசிப்பவரே வராததால் வரிசை குலைந்தது. எட்டுக்குத் தொடங்க வேண்டியது எட்டு பத்துக்கு. பேண்ட் மாறும் ஒவ்வொரு தடவையும் பதினைந்து நிமிடம் என்பது திட்டம்; முதல் மாற்றம் 35, இரண்டாவது 33. குறுகலான மாடிப்படியில் ஒருவர் கிக் டிரம்மை இறக்க, இன்னொருவர் அதே படியில் ஏற்ற, நடுவில் பார்வையாளர்கள் மதுக்கோப்பையோடு ஒதுங்கி நின்றார்கள். ஒன்பது நாற்பதுக்கு ஏற வேண்டிய பேண்ட் 10:28க்கு ஏறியது. பதினொரு மணிக்கு ஒலி நிறுத்தியாக வேண்டும், அது உரிம நிபந்தனை. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் 32 நிமிடம் கேட்டார்கள்.

இன்னொன்றும் தவறியது, யாரும் கவனிக்காமல். பிரிட்டனில் கச்சேரி வசூலிலிருந்து பாடலாசிரியர்களுக்கான உரிமத்தொகையைப் பிஆர்எஸ் என்ற சங்கம் வாங்கிப் பிரித்துக்கொடுக்கிறது. 2018க்குப் பின் பொது விகிதம் 4.2 விழுக்காடு. வாசித்த பாடல்களின் பட்டியலை அனுப்பினால்தான் அது உரியவருக்குப் போகும். அந்த இரவு வாசித்த மூன்றில் இரண்டு பேண்டுகள் தங்கள் பாடல்களைப் பதிவே செய்திருக்கவில்லை. அரங்கம் கட்டிய காசில் அவர்கள் பங்கு அவர்களுக்குப் போகவில்லை.

இரண்டாவது கச்சேரி, மார்ச் 2025

நவம்பரின் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள்.

மூன்று பேண்ட் இரண்டானது. டிரம் செட் ஒன்றே. மின்னஞ்சலில் இரண்டு வாரம் முன்பே ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஒவ்வொரு டிரம்மரும் கொண்டுவர வேண்டியது ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல், தன் ஸ்டூல். இவை உடையக்கூடியவை, இரவல் கொடுக்க யாருக்கும் மனம் வராது, மற்றவை பொது. கிதாருக்கு ஸ்பீக்கர் பெட்டி பொது, அதன் மேல் வைக்கும் ஆம்ப்ளிஃபயர் அவரவருடையது. பேண்ட் மாற்றம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

டிக்கெட் எட்டு வாரம் முன்பே திறந்தது. முதல் 30 டிக்கெட் 8 பவுண்டு, அதன்பின் 11. இரண்டு விலை வைப்பதென்றால் ஆகஸ்ட் 31இல் பட்டதையே திரும்பச் செய்வதுபோல் இருக்கும் என்று குழுவில் ஒருவர் எதிர்த்தார். அவருடைய நிபந்தனையின்படி, இரு விலையும் எண்ணிக்கையும் சுவரொட்டியிலேயே அச்சிடப்பட்டன. மலிவு டிக்கெட் எத்தனை மீதி என்று ஒவ்வொரு திங்களும் அறிவித்தார்கள். குறை சொன்னவர் யாரும் இல்லை.

முதன்மை பேண்டோடு ஒப்பந்தமும் மாறியது: 200 என்ற உறுதித்தொகைக்குப் பதில் 150, கூடவே செலவு போன லாபத்தில் 70 விழுக்காடு. தாங்களும் கூட்டம் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் இதில் வரும். சிலர் உறுதித்தொகையே இல்லாமல் வாசல் வசூலில் பங்கு மட்டும் தருவார்கள். அது நட்டத்தை வாசிப்பவர் தலையில் கட்டுவது. குழு அதைத் தொடவில்லை, சரியான முடிவு.

செலவு: வாடகை 100, சவுண்ட் 100, முதன்மை 150, துணை பேண்ட் 80, சுவரொட்டி 25, சாப்பாடு 30, ஆக 485. விற்றவை 74 டிக்கெட்: 30 எட்டு பவுண்டில், 44 பதினொன்றில், 724 பவுண்டு. மிச்சம் 239, அதில் 167.30 பேண்டுக்கு, 71.70 உண்டியலுக்கு.

முதன்மை பேண்டுக்கு மொத்தம் 317.30 பவுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. வேன் வாடகையும் டீசலும் 95. நான்கு பேர். ஆளுக்கு 55 பவுண்டு சொச்சம், மதியம் மூன்றிலிருந்து நள்ளிரவு வரை உழைத்ததற்கு. ஒத்திகையும் ஒலிப்பதிவும் இதில் சேரவில்லை. டி-ஷர்ட் மேசையில் அரங்கம் பங்கு கேட்காததுதான் அன்று அவர்களுக்கு உண்மையான ஆதாயம்.

முன்கூட்டியே விற்ற டிக்கெட்

மார்ச்சில்தான் குழுவுக்கு ஒன்று புலப்பட்டது, இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியதும் அதுவே. மூன்று வாரம் முன்பு வாங்கிய எட்டு பவுண்டு டிக்கெட், வாசலில் வாங்கும் பதினொரு பவுண்டைவிட மதிப்பு மிக்கது.

கச்சேரி நடக்குமா என்பது முடிவாவது முன்கூட்டிய விற்பனையைப் பார்த்து. பேண்ட் வேன் எடுப்பதா ரயிலில் வருவதா, அரங்கம் மதுக்கூடத்துக்கு ஒரு ஆள் போடுவதா இரண்டு ஆளா, நடத்துபவர் இன்னும் சுவரொட்டி அடிப்பதா கைவிடுவதா எல்லாமே மூன்று வாரம் முன்பு கையில் உள்ள எண்ணிக்கையில் தொங்குகின்றன. சிறு அரங்குகள் வாழ்வது டிக்கெட்டில் அல்ல, மதுக்கூட விற்பனையில். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் அவர்களால் எதையும் திட்டமிட முடியாது. நவம்பரில் 14 நாள் முன்பு விற்றவை 19. மார்ச்சில் 21 நாள் முன்பே 38.

பெரிய பேண்டின் மறுவருகை இங்கேதான் சிறு மேடையைத் தொடுகிறது. ரசிகரின் காசு பத்து மாதம் முன்பே ஒரே டிக்கெட்டில் கட்டப்பட்டுவிடுகிறது. உள்ளூர் கச்சேரிக்கு அதே ஆள் “அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். பெரியதற்கு ஓராண்டு முன்பே உறுதி, சிறியதற்கு அன்று மாலை வானிலை பார்த்து. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. தீர்ந்துவிடும் என்று அஞ்சுகிற இடத்தில்தான் கை முந்துகிறது.

ஜூலை 2025: தப்பான தேதி

மூன்றாவது கச்சேரிக்குக் குழு தேர்ந்தது ஜூலை 12, சனிக்கிழமை. ஹீட்டன் பூங்காவில் ஒயாசிஸின் இரண்டாம் இரவு. தெரிந்தேதான் வைத்தார்கள். ஐந்து இரவுகளுக்கு எண்பதாயிரம் பேர் வீதம் வட்டாரத்துக்கு வரப்போகிறார்கள், கிதார் இசை பிடித்தவர்கள், கொஞ்சம் பேர் இங்கும் வழிந்து வருவார்கள் என்பது கணிப்பு.

வழிந்து வரவில்லை. 28 நாள் முன்பு விற்றவை 6, 21 நாள் முன்பு 9. காரணங்கள் அப்போதே தெரிந்தன. டிக்கெட் உள்ளவர் பூங்காவில் இருப்பார். இல்லாதவர் அந்த வாரம் மான்செஸ்டர் பக்கமே வர விரும்பவில்லை. விடுதி அறை விலையும் டிராம் நெரிசலும் பற்றிய பேச்சுதான் எங்கும். உள்ளூர் செய்தித்தாளில் ஒரு வரிச் செய்திக்குக்கூட இடம் இல்லை.

நவம்பருக்குப் பிறகு எழுதி வைத்த ஒரு விதி இங்கே காப்பாற்றியது: 21 நாள் முன்பு 20 டிக்கெட்டுக்குக் குறைந்தால் தள்ளிவைக்க வேண்டும், விவாதம் கிடையாது. செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளினார்கள். ஒன்பது பேருக்குப் பணம் திரும்பியது. பேண்டுக்குப் பாதி உறுதித்தொகையான 75, அரங்கத்தின் முன்பணம் 50, ஆக 125 பவுண்டு போனது. நடத்தியிருந்தால் 25 பேர் வந்திருந்தாலும் 285 நட்டம்.

ரத்தான அந்த இரவு ஐவரில் இருவர் ஹீட்டன் பூங்காவுக்குப் போனார்கள். வேலிக்கு வெளியே ஒரு மேட்டில் டிக்கெட் இல்லாத கூட்டம் கூடியிருந்தது. திரை தெரியும், பாட்டு நன்றாகவே கேட்டது. சில நாளில் மாநகராட்சி அந்த மேட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டது. உள்ளே இருந்த பழைய நண்பர்கள் இருவரும் பிறகு சொன்னது, நிகழ்ச்சி அருமை, 355 பவுண்டுக்கு வருந்தவில்லை என்று. அதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. பேண்ட் உண்மையாகவே நன்றாக வாசித்தது என்பதே விமர்சகர்களின் கருத்தும். மிகைப்படுத்தல் என்று சொல்லத்தக்கது வேறு. புதுப் பாட்டு ஒன்றுமில்லை, பாடல் பட்டியல் இரவுக்கு இரவு ஏறக்குறைய மாறவேயில்லை. முன்னால் வாசிக்க அழைத்ததும் காஸ்ட் என்ற பேண்டையும் பாடகர் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டையும்தான், இரு தரப்புமே தொண்ணூறுகளின் ஆட்கள். எண்பதாயிரம் பேர் முன்னால் இருபத்தைந்து நிமிடம் கிடைத்தால் ஒரு புது பேண்டின் வாழ்க்கை மாறும். அந்த நிமிடங்களும் பழமைக்கே போயின.

வேறு வழி இருந்ததும் பதிவாக வேண்டும். அதே கோடையில் கோல்ட்பிளே பேண்ட், பிரிட்டனில் நடத்திய தன் விளையாட்டரங்க நிகழ்ச்சிகளின் வருவாயில் பத்து விழுக்காட்டை மியூசிக் வென்யூ டிரஸ்ட்டுக்குக் கொடுத்தது. பெரிய அரங்க டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு சிறு அரங்குகளுக்கு என்ற யோசனையை 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு ஆதரித்தது. அது இன்னும் சட்டமாகவில்லை, விருப்பப்பட்டவர் தருவதாகவே ஓடுகிறது.

செப்டம்பரும் கணக்கும்

தள்ளிவைத்த கச்சேரி நடந்தது. அதே 485 செலவு. 68 டிக்கெட், 658 பவுண்டு வசூல், மிச்சம் 173, பேண்டுக்கு 121.10, உண்டியலுக்கு 51.90. சொல்லும்படி எதுவும் தவறவில்லை.

பதின்மூன்று மாத முடிவில் உண்டியலில் 333.60 பவுண்டு. செலவானது 466.40. அதில் 320 பொருளும் டிக்கெட்டும் வாங்கியது. கச்சேரி வைத்ததில் உண்டியலிலிருந்து நிகரமாகப் போனது 146.40 மட்டுமே. அந்த மூன்று கச்சேரிகளாலும் ஒரு ரத்தாலும் இசைக்கலைஞர்கள் கைக்கு நேரடியாகப் போனது 1,173.40. பெரும்பங்கு ஊராரின் காசு. உண்டியல் செய்தது நட்டத்தைத் தாங்கி நின்றது. ஒரே ஒரு 355 பவுண்டு டிக்கெட்டின் பாதி விலைகூட ஆகாத தொகை அதைச் செய்தது.

இந்த எண்ணில் மறைந்திருப்பது ஐவரின் உழைப்பு. ஒரு கச்சேரிக்கு முப்பது மணி நேரமாவது ஆகிறது: மின்னஞ்சல், சுவரொட்டி ஒட்டல், வாசலில் நிற்றல், கடைசியில் தரை கூட்டல். அதற்குக் கூலி போட்டால் மூன்றும் பெருநட்டம். நவம்பருக்குப் பின் ஐவரில் ஒருவர், இனி பார்க்க மட்டும் வருவேன் என்று விலகிவிட்டார். இப்படிப்பட்ட முயற்சிகள் பெரும்பாலும் பணம் தீர்ந்து நிற்பதில்லை, ஆள் களைத்து நிற்கின்றன.

மாற்றப்போவது

பெரிய பேண்டுக்கு வரிசையில் நிற்பதானால், உச்ச விலையை முதல் நாளே குழுவில் எழுதிவிடுவது. விருப்பம் என்றால் போகலாம், தடை ஒன்றும் இல்லை.

பேண்டை ஒப்பந்தம் செய்யும் முதல் மின்னஞ்சலிலேயே மூன்று கேள்வி: பாடல்களைப் பிஆர்எஸ்ஸில் பதிந்தீர்களா, நான்கு வாரத்துக்குள் அருகில் வேறு மேடை உண்டா, டிரம்மை இரவல் வாங்குவீர்களா. பாடல் பட்டியலைக் கச்சேரி முடிந்த இரவே படம் எடுத்து அனுப்பிவிடுவது. பிறகு என்றால் நடக்காது.

தேதி வைக்கும் முன் அறுபது மைலுக்குள் உள்ள பெரிய மைதானங்களின் பட்டியலைப் பார்ப்பது. கூட்டம் வழிந்து வரும் என்ற கணக்கு இனி வேண்டாம்.

ஆண்டுக்கு மூன்று கச்சேரிக்கு மேல் வைப்பதில்லை, வாசலில் நிற்பதற்கு முறை போட்டுக்கொள்வது.

வாசல் விலையையும் ஏற்றுகிறார்கள், 11இலிருந்து 13க்கு. முன்கூட்டிய விலை மாறாது. செப்டம்பர் கச்சேரிக்கு அந்தப் பழைய நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள், உண்டியலில் மறுபடி சேருவதாகவும் சொன்னார்கள். டிக்கெட் வாங்கியது எட்டரை மணிக்கு, வாசலில்.